நேரலையில் சொல்லிவிட்டேன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எந்தத் துறைமுகத்தில் இது உன் கையில் கிடைத்தாலும், நீ நலமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கப்பல் முழுக்கச் சமைத்துப் போடுகிறவன் தன் வயிற்றை மறந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். இங்கே நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் போகமாட்டேன் என்கிறது. உன் மாமா வழக்கம்போல் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறார்.

போன வியாழக்கிழமை உள்ளூர் வானொலியில் பாடினேன். நேரலை. அரைமணி நேரம், நான் ஒருத்தி மட்டும். நீ நடுக்கடலில் இருந்தாய், கேட்டிருக்க வழியில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

பத்து மணி நிகழ்ச்சிக்கு எட்டரைக்கே போய்விட்டோம். பேருந்தில் மாமா என்னைப் பேசவே விடவில்லை. "தொண்டையைச் செலவழிக்காதே" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டு வந்தார். பாடும் அறை நம் சமையலறை அளவுதான். சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருக்கிறார்கள். கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. மைக்கில் விழும் என்று வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். வானொலியில் வேலை பார்த்துக்கொண்டு வாயே திறக்காத மனிதர். எல்லாம் கைச்சாடைதான்.

ஒன்பதே முக்காலுக்கு, கீபோர்டு வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறிவிப்பாளர் பெண் தங்கமானவள். "பரவால்லக்கா, இன்னிக்குப் பழைய பதிவு ஏதாவது போட்டுக்கறோம். நீங்க அடுத்த மாசம் வாங்க" என்றாள். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் உன் நினைப்பு வந்தது.

கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாததா? பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு வெறும் காற்றுதான் வந்தது. தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். தொலைந்துபோன குடைகளுக்கு நடுவே, குரலைத் தொலைத்த நானும் ஒரு சாமானாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்ன பயிற்சியை நாலே நாளில் விட்டுவிட்டேன். நீதான் விடவில்லை. கப்பல் துறைமுகத்தில் நின்ற ஞாயிறெல்லாம் கூப்பிட்டு, ஒன்று முதல் ஐம்பது வரை என்னோடு சேர்ந்து எண்ணினாய். அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று நான் மொட்டைமாடியில் நின்று எண்ணுவேன். பதினேழில் குரல் நின்றுபோகும். "அதனால என்னக்கா, மறுபடி ஒண்ணுலருந்து வா" என்பாய். ஒருநாளும் நீ சலித்துக்கொண்டதில்லை.

அந்தப் பெண்ணிடம், "சுருதிப்பெட்டி இருந்தா போதும்மா, நான் தனியாவே பாடிடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் காகிதம் கிழிகிற மாதிரி கிழிந்தது. நிறுத்திவிட்டேன். ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது, சுருதிப்பெட்டி மட்டும் ஒலிக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் இரண்டு கைகளையும் உயர்த்தி, மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். மூச்சை இழுத்துக்கொண்டு, அதே வரியைத் தாழ்வாக எடுத்துப் பாடினேன். மூன்றாவது பாட்டுக்கு வந்தபோது பயம் போயிருந்தது. பழைய குரல் இல்லை, தம்பி. ஓரமெல்லாம் சொரசொரப்பாக இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது.

கடைசியில் அந்தப் பெண், "குரல் திரும்ப வந்ததுக்கு யாருக்கு நன்றி சொல்வீங்க?" என்று கேட்டாள். டாக்டர் என்று சொல்லத்தான் நினைத்தேன். "கப்பல்ல சமையல்காரனா இருக்கிற என் தம்பிக்கு" என்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நம் வீட்டில் உன் பேச்சை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. படிப்பைப் பாதியில் விட்டு நீ கிளம்பிய அன்று அப்பா சொன்னதையும், நீ திருப்பிச் சொன்னதையும் நான் எழுதப்போவதில்லை. நேரலையில் சொன்னதை யாரும் வெட்டவும் முடியாது.

வீடு வந்து சேர்ந்தோம். அப்பா நாற்காலியில் இருந்தார். ரேடியோவை அணைத்துவிட்டிருந்தார். "ரெண்டாவது பாட்டுல அவசரப்பட்டுட்டே" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டார், கை கழுவினார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "கப்பல் ஆடறப்போ அடுப்பு என்ன ஆகும்? கொதிக்கிறது அவன் மேல ஊத்திடாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது உன்னிடம் கேட்ட கேள்வி.

எண்ணி எண்ணி எனக்குக் குரல் கொடுத்தவனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? ஆனாலும் இன்னும் ஒன்று கேட்கிறேன். லீவு கிடைத்ததும் வா. மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பலில் அடுப்பை எப்படிக் கட்டிவைப்பீர்கள் என்று மட்டும் சொல்.

கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அடுப்பருகே கவனமாக இரு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா