மலைப்பாதையில் நீ வைத்த தடுப்பு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், உன் மேல் அவருக்கு இருந்த கோபமும் போன ஞாயிற்றுக்கிழமை வரை நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தது. நீயும் அந்தக் குளிரில் இருமாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் 'அம்மா, ஒரு நிமிஷம்' என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம், முழுக்கப் படி. சலவைக்கடையில் வேலைக்குக் குறைவில்லை, மருத்துவமனைக்காரர்கள் இப்போது திரைச்சீலைகளையும் நம்மிடமே போடுகிறார்கள், பெரிய இயந்திரம் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது, அடியில் டயர்த் துண்டு வைத்துச் சமாளிக்கிறேன். உருப்படிகளை வேனில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், இதுவரை யாரையும் இடிக்கவில்லை, ஒரு குப்பைத்தொட்டியைத் தவிர.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் அந்தக் கம்ப்யூட்டர் லாரி விளையாட்டில் நம் பகுதி முழுவதையும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. பழைய மேப்பில் நம் ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்கும் நாலு மரமும்தான், அதே பங்க் அடுத்த ஊரிலும் நிற்கும், 'போர்டை மட்டும் மாத்தி வச்சு ஏமாத்துறானுங்க' என்று திட்டிக்கொண்டே ஓட்டுவார். நம் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் லாரி உருண்டு ஒரு கால் போனதிலிருந்து வாசற்படியைத் தாண்டாத மனிதர். செய்து கொடுத்த செயற்கைக் கால் அலமாரியில் என் புடவைகளுக்கு நடுவே தூங்குகிறது. 'புது மேப் வரட்டும். முழு லோடோட அந்த மலையில ஒரே ஒரு தடவை மேலேருந்து கீழ வரைக்கும் இறங்கிடறேன். அப்புறம் காலை மாட்டிக்கிட்டு நானே வெளிய வர்றேன், அதுவரைக்கும் நச்சரிக்காதே' என்று சொல்லியிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன், என் வாயை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

மேப் வந்த அன்று நம் ஸ்டெப்னியும் வந்துவிட்டான், அப்பாவிடம் கிளீனராக இருந்தானே, இப்போது சொந்த லாரி ஓட்டுகிறான், ஆனாலும் அப்பா வைத்த பெயர் அவனை விடவில்லை. மேசையில் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொடுத்து அவனே பக்கத்தில் கிளீனர் மாதிரி உட்கார்ந்துகொண்டான். அப்பாவுக்கு ஒரே பெருமை. எடை மேடையைக் காட்டுகிறார், சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியைக் காட்டுகிறார், என் பொண்ணு கட்டினது, என் பொண்ணு கட்டினது என்று ஒரே பாட்டு. மலையடிவாரத்தைச் சுற்றி மேலே போய், இறங்குகிற பாதைக்குத் திரும்பினார். குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்பு, நடுவில் பெரிய பெருக்கல் குறி. முட்டிப் பார்த்தார், கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியதுபோல் வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஸ்டெப்னி சமாளித்துப் பார்த்தான், 'அடுத்த அப்டேட்டுல திறப்பாங்கண்ணே' என்றான். அப்பா தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினார். முதல் வளைவு இருக்கிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது, சுவரோரம் புல்கூட முளைத்திருக்கிறது. 'போடாத ரோட்டுக்கு எதுக்கு இவ்வளவு சுவர் கட்டி வச்சிருக்கா?' என்று என்னைத்தான் கேட்டார்.

நீ யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதை நான் சொல்லிவிட்டேன், பொய் சொன்னால் எனக்கு மூக்கு அரிக்கும். பாதை முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, அப்பா பார்த்தால் தாங்கமாட்டார் என்று நீதான் உன் மேலாளரிடம் கெஞ்சி மூட வைத்தாய் என்றேன். 'என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? ஊரே சேர்ந்து என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கு, இவளும் தன் பங்குக்கு ஒரு பூட்டு போட்டுட்டா' என்று சொல்லி, ஸ்டீயரிங் மேல் போர்வையைப் போர்த்திவிட்டுப் படுத்துவிட்டார். எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், மலைப்பாதையில் போனால் சீக்கிரம் போகலாம், இருந்தும் புறவழிச்சாலையில் சுற்றித்தான் வேனை ஓட்டுகிறேன். நீயும் ஊருக்கு வரும்போது டாக்ஸிக்காரரிடம் அதே சாலையைத்தான் சொல்கிறாய். போதும் என்று முடிவு பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை செயற்கைக் காலை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். 'உங்க பொண்ணு கட்டின ரோட்டுலதான் தடுப்பு. நிஜ ரோடு திறந்துதான் கிடக்கு, எழுந்திரிங்க' என்றேன். உனக்குப் பைத்தியமா என்றார், நீ ஓட்டி நான் உட்காருவதா என்றார், குப்பைத்தொட்டிக் கதையைக்கூட இழுத்தார். நான் அசையவில்லை. கடைசியில் காலை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார், சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். இறக்கம் ஆரம்பித்ததும் 'ரெண்டாவது கியர் போடு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காதே, விட்டு விட்டு மிதி' என்றார். வண்டி உருண்ட வளைவில் நிறுத்தச் சொன்னார். அங்கே என்ன பார்த்தோம் தெரியுமா? அன்று இடிந்த சுவரைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு ஆள் பாட்டுப் போட்டுக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருக்கிறார். அப்பா ஆடிப்போய்விட்டார். 'நான் செத்துப் பிழைச்ச இடம்டி, இவன் காரு கழுவுறான்!' என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது கண்ணு, அந்த ஆள் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார். அப்பா இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு அவராகவே நடந்தார். அடிவாரத்துக்கு வந்ததும் அழுதார், நானும் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அழுதேன்.

தடுப்புக்கு அப்பால் நீ கட்டிய பாதையை எனக்கு மட்டும் படமாக அனுப்பியிருந்தாயே, அதில் வண்டி உருண்ட வளைவு விபத்தன்று இருந்த மாதிரியே சுவர் இடிந்து கிடக்கிறது. நீயும் அங்கேயே நிற்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. சுவரைக் கட்டு. கார் கழுவுகிற ஆளையும் போடு. உன் மேலாளரிடம் மறுபடி போய்க் கேள், முடியாது என்றால் என்னிடம் போனைக் கொடு. லீவுக்கு வரும்போது டாக்ஸி வேண்டாம், வேனோடு நான்தான் வந்து நிற்பேன், அந்த மலைப்பாதையில்தான் வீட்டுக்கு வருவோம், இதில் பேச்சுக்கே இடமில்லை.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். காலுறை போடாமல் வெளியே போகாதே. அப்பா ஸ்டீயரிங் மேலிருந்த போர்வையை எடுத்துவிட்டார், இப்போது என் பேனாவையும் பிடுங்குகிறார்.

உன் அம்மா.

கண்ணு, கோபமெல்லாம் இல்லை. முழு லோடு ஏத்தி, அந்தத் தடுப்புக்கு முன்னாலதான் வண்டியை நிறுத்தி வச்சிருக்கேன். எஞ்சினை அணைக்கலை. திற. – அப்பா