எரியலையாடி உனக்கு?

இன்றைக்கு எனக்கு எரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. இருந்த காலத்திலேயே நாலு வரிக்கு மேல் படித்தவள் இல்லை நீ. "நீயே வாயால சொல்லுடி, கண்ணு வலிக்குது" என்பாய்.

காலையில் உப்பளத்து வரப்பில் ஏறும்போது, எவனோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் துண்டு இடது குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே பாத்தியில் இறங்கினேன். காயம் இருந்தால் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். இரண்டு மாதமாக எதற்கும் எதையும் தடவுவதில்லை, எதுவும் எரிந்ததுமில்லை. ஆனால் இன்று கால் தண்ணீரில் பட்டதும் நான் கத்திய கத்தலில் நாலு பாத்தி தள்ளி இருந்தவர்களெல்லாம் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாம்பு என்று நினைத்துவிட்டார்களாம்.

உப்பளத்தில் காயத்தை மறைக்க முடியாது. வீட்டில் மறைக்கலாம், கல்யாண வீட்டில் மறைக்கலாம். பாத்தியில் கால் வைத்ததும் வாயில் "ஸ்ஸ்" என்று வந்துவிடும். வரிசையாக இறங்கும்போது அந்தச் சத்தத்தை வைத்தே நீ ஆளைச் சொல்வாய், இவளுக்கு விரலிடுக்கில் புண், அவளுக்குக் குதிகால் வெடிப்பு என்று. நான் மட்டும் சத்தம் போடாமல் இறங்குவேன். எனக்குக் காயமே படாது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தாய்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. எனக்கே அது மறந்து போயிருந்தது. பள்ளிக்கூடத்துக் கபடியில் என்னை அமுக்க நாலு பேர் வேண்டும். பஸ்ஸில் உரசியவனைக் காலரைப் பிடித்து இழுத்து அனுமந்தை ஸ்டாப்பிங்கில் இறக்கிவிட்டவள் நான். "இவளை எவன் கட்டிக்கப் போறானோ" என்று எங்கள் அம்மா கவலைப்பட்டாள். கட்டிக்கொள்ள ஒருவன் மரக்காணத்தில் இருந்தான். வேன் டிரைவர்.

முதல் அடி கல்யாணமான பதினோராம் நாள். குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். உப்பு விளைகிற ஊருக்கு வாழ வந்து உப்புக்காக அடி வாங்கினேன். திருப்பி அடித்தேன். அதற்கும் சேர்த்து அவன் கொடுத்ததில் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு ஒரு வித்தை பழகிக்கொண்டேன். அவன் பெல்ட்டை உருவியதும் நான் அங்கிருந்து போய்விடுவேன். உடம்பு அங்கேயே கிடக்கும். நான் மேலே பார்த்துக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எந்த போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். யாரோ ஒருத்தியை யாரோ ஒருத்தன் அடிக்கிற சத்தம் கேட்கும். முடிந்ததும் திரும்பி வந்து அவனுக்குச் சோறு போடுவேன். வருடம் போகப் போகத் திரும்பி வருவதே குறைந்துவிட்டது. ரேஷன் கடையில் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பேன்.

அப்படித்தான் அன்றைக்கும் பாத்தியில் நின்றேன். முந்தின நாள் பெல்ட்டின் கொக்கி பட்டுக் கெண்டைக்காலில் சதை பிய்ந்திருந்தது. அரை மணி நேரம் பலகையால் உப்பை இழுத்துக் குவித்திருப்பேன். பக்கத்துப் பாத்தியிலிருந்து நீ வந்து நின்றாய். நான் குவித்த உப்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

"எரியலையாடி உனக்கு?"

"இல்லியே."

"நல்லா பாத்து சொல்லு. கால் பொளந்து கெடக்குது. எரியலையா?"

"எரியல. வேலையப் பாரு."

நீ என் கன்னத்தில் விட்ட அறையில் பலகை கையிலிருந்து நழுவிவிட்டது. சும்மா நின்றேன். மறு கன்னத்திலும் விட்டாய். "இது எரியுதா? சொல்லுடி. உள்ள ஆள் இருக்குதா, இல்லியா?" என்றாய். இத்தனை பேர் முன்னால் என்னை அடிக்க நீ யார்? மூன்றாவது அறைக்கு நீ ஓங்கியபோது என் கை தானாக எழுந்தது. ஒன்பது வருடம் கழித்து எழுந்த கை. உன் உதடு கிழிந்தது.

பிறகு நடந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. உன் கொண்டை என் பிடியில், என் கழுத்து உன் பிடியில். மறுநாள் வார வேண்டிய உப்பின் மேல் இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். முட்டியும் முழங்கையும் உப்புக்கல்லில் சிராய்த்துத் தோல் உரிந்தது. மேஸ்திரி வரப்பில் நின்று, "ஏம்மா, பாத்தி போச்சும்மா, மேல வந்து அடிச்சிக்கிங்கம்மா" என்று கெஞ்சினார். நீ என்னைக் குப்புறத் தள்ளி, என் காலைப் பிடித்து, பிய்ந்த இடத்தைத் தண்ணீரில் வைத்து அழுத்தினாய். அப்போதுதான் வந்தது. கெண்டைக்காலில் தொடங்கி, தொடைக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, ஒன்பது வருடத்துக் காயமும் ஒன்றாக எரிந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், பல்லெல்லாம் ரத்தமாக. "வந்துட்டியா? வா" என்றாய்.

அன்று சாயங்காலம் அவன் பெல்ட்டை உருவியபோது என்னால் கூரைக்குப் போக முடியவில்லை. வலித்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவன் பயந்து கதவைச் சாத்தப் போனான். அந்தக் கையைக் கடித்துவிட்டு, ஐந்து வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சவுக்குத் தோப்பை ஒட்டிய உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். புருஷனைக் கல்லறைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவள் நீ. "புள்ளைக்கு முட்டை வேணுமா?" என்று மட்டும் கேட்டாய்.

விடிந்ததும் அவன் சவுக்குக் கட்டையோடு வந்தான். நீ வாசலை அடைத்துக்கொண்டு நின்றாய்.

"தள்ளு. எம் பொண்டாட்டிய அனுப்பு."

"அவளா வந்தா கூட்டிக்கினு போ. என்னைத் தாண்டி வர்ற வேலை வச்சிக்காத."

கட்டை உன் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. சுவரில் சாத்தியிருந்த உப்புப் பலகையை எடுத்தேன். முதல் அடி அவன் முட்டியில். விழுந்தான். அதற்குப் பிறகு எத்தனை என்று தெரியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். "வுட்டுடுடி" என்று அவன் அழுதது காதில் விழுந்த பிறகும் அடித்தேன். பலகையைத் திருப்பி, விளிம்பு கீழே இருக்கும்படி பிடித்து, தலைக்குக் குறி வைத்து ஓங்கினேன். நீ நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டாய்.

"போதும். இன்னும் ஒண்ணு போட்டா அது நீ இல்ல. அங்க பாரு."

கதவோரம் என் மகள் நின்றிருந்தாள். அழவில்லை. தலையைத் தூக்கி உன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகையைக் கீழே போட்டேன். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் இறங்கி வர ரொம்ப நேரமானது. என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் நொண்டிக்கொண்டே போனான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போடும்போது என் பெயரை யோசிக்காமல் போட்டேன். அவன் மறுபடி வரவில்லை.

அதன் பிறகு ஆறு வருடம் நீயும் நானும் நல்லபடியாகச் சண்டை போட்டோம். மழை வந்தால் உன் தோள் வலிக்கும், அதற்கும் என்னைத்தான் திட்டுவாய்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு வரும்போது ஈ.சி.ஆர். ரோட்டைக் கடந்தோம். நான் நாலு அடி முன்னால் போய்விட்டேன். காரின் சத்தம் கேட்டுத் திரும்பினால், உன் சோற்றுத் தூக்கு ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. நீ எங்கே கிடந்தாய், எப்படிக் கிடந்தாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கி, எதிரே இருந்த போர்டில் சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

உன் குழியில் உப்புக் கொட்டினார்கள். பாக்கெட் உப்பு! ஆயுசு முழுக்க உப்பு வாரியவளுக்குக் கடையில் வாங்கிய பொடி உப்பு. பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒருத்தனையாவது அறைந்திருப்பேன். பார்த்துக்கொண்டு நின்றேன். அழச் சொன்னார்கள், வரவில்லை. தினமும் பாத்தியில் சத்தமில்லாமல் இறங்கினேன், ஏறினேன். நேற்று சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மகள் என் முகவாயைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "கூரையப் பாக்காதம்மா" என்றாள்.

இன்று காலையில் கத்தத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. பாட்டில் உடைத்தவனைத் திட்டினேன். நிற்காமல் போன கார்க்காரனைத் திட்டினேன். நாலு அடி முன்னால் போன என்னைத் திட்டினேன். பின்னால் மெதுவாக வந்த உன்னைத்தான் ரொம்பத் திட்டினேன், இங்கே எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொல்லி. மார்பில் அடித்துக்கொண்டேன். உப்பை வாரி வாரி எறிந்தேன். மேஸ்திரி, "கால்ல எண்ணெ போட்டுக்கினு வாம்மா" என்றார். ஏறவில்லை. நீ பிடித்து அழுத்தினாயே, அந்த மாதிரி காலை நானே அழுத்திக்கொண்டு நின்றேன். சுற்றிலும் தண்ணீர் இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது.

உன் இரண்டு அறையும் என் கன்னத்தில் அப்படியே இருக்கின்றன. ஒன்றைக்கூட யாருக்கும் தர மாட்டேன். அன்றைக்கு நீ கேட்டதற்கு "எரியல" என்றேன். இப்போது கேட்டுக்கொள்.

எரியுதுடி. ரொம்ப எரியுது. உள்ள ஆள் இருக்குது.