கட்டம் போட்ட பாவாடை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம். உங்கள் இருமல் விட்டதா? போனில் பேசலாம் என்றால் உங்கள் அண்ணன் பக்கத்திலேயே நின்று காது கொடுக்கிறார். அதனால்தான் கடிதம்.

பெரியவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், பேசி முடிக்கலாம் என்று ஞாயிறு மதியம் எங்களை ஓட்டலுக்கு அழைத்தார்கள். ஸ்காட்லாந்து ஓட்டலாம். வாசலிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட துணி. சுவரில் ஒரு மான் தலை, அதன் மூக்கில் ஒட்டடை. பையை அமுக்கி ஊதும் அந்த நாட்டு வாத்தியத்தை அலறவிட்டு, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் செய்துவிட்டார்கள். சம்பந்தம் பேச நல்ல இடம்தான்.

சாப்பாட்டைச் சொன்னால் உங்களுக்கே குமட்டும். ஆட்டு இரைப்பைக்குள் ஈரலையும் நுரையீரலையும் ஓட்ஸோடு கொத்தி அடைத்து அவித்திருந்தார்கள். ஈரலும் குடலும் நான் கழுவாததா? ஆனால் இதில் உப்புமில்லை, உறைப்புமில்லை. கத்தியால் கீறியதும் காயாத துணியின் வாடை. பையனின் அம்மா கண்ணை மூடி ரசித்தாள். அவளைப் பார்த்து உங்கள் அண்ணனும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

பரிமாறுகிறவர்களுக்கும் அதே கட்டத்தில் முட்டி வரை பாவாடை. எங்கள் மேசைக்கு வந்தவருக்கு உங்கள் வயது இருக்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. இரண்டு கையிலும் சூப்புக் கிண்ணத்தோடு அவர் குனிந்தபோது, மாப்பிள்ளைப் பையன் முள்கரண்டியால் பாவாடையைத் தூக்கி எட்டிப் பார்த்தான். கொதிக்கிற கிண்ணத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? சிந்தாமல் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லவே கூசுகிறது, நானும் சிரித்துவிட்டேன்.

பெரியவள் எழுந்து நின்றாள். “எங்கப்பாவும் இந்த வேலைதான் பாக்குறாரு. மேனேஜர்னு பெரியப்பா சொன்னது பொய்,” என்றாள். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

இனி அவர்களே வேண்டாம் என்பார்கள், தொல்லை விட்டது என்று நினைத்தேன். சனியன் விடவில்லை. மறுநாள் அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். நீங்கள் அங்கே தட்டு ஏந்துவது வெளியே தெரியாமல் இருந்தால் சம்மதமாம். கல்யாணத்துக்கு வந்தாலும் வேலையைப் பற்றி நீங்கள் வாய் திறக்கக் கூடாதாம். பெரிய மனசு என்று உங்கள் அண்ணன் கும்பிடு போடுகிறார். அவள் குடித்த டம்ளரைக் கழுவவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளைச் சொல்லி என்ன? உங்களை மேனேஜர் ஆக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான்தானே.

அண்ணன் உங்களைக் கூப்பிடுவார். வசதியான இடம், பையன் விளையாட்டுப் பிள்ளை என்று தேனாகப் பேசுவார். முடியாது என்று ஒரே சொல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர் அடங்குவார்.

இன்னொன்று. இத்தனை வருஷமாக நீங்கள் அனுப்பும் படங்களில் எல்லாம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான். வேலைக்கு என்ன உடுத்தச் சொல்கிறார்கள் என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை. எதுவானாலும் சரி, அந்த உடுப்போடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்து யார் பெண் கேட்டு வந்தாலும் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பாளாம் உங்கள் மகள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி