ஜன்னலை அடைத்தது நான்

அன்பு மகள் வாயாடிக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் சித்தியும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சளியைக் கொண்டுவந்து கொடுத்து அவரை மேலே அனுப்பிவைத்தவளே நான்தான் என்று நீ சாப்பிடாமல் கிடக்கிறாயாமே, உன் அம்மா சொன்னார். தப்பு மகளே. எட்டாவதோடு நின்றவன் என்றாலும் காற்றைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் நம் தெருவில் கிடையாது, அப்பா படுத்த பிறகு நம் பைண்டிங் பட்டறைக்கு வந்த சுகாதார ஆய்வாளரம்மாவுக்கே பாதி நான் சொல்லிக் கொடுத்ததுதான். இருமினால் தெறிக்கிற பெரிய துளி கல் மாதிரி மூன்றடிக்குள் விழுந்துவிடும், அதற்குத்தானே பைண்டிங் மேசைகளுக்கு நடுவே சாக்பீஸ் கோடு போட்டேன், பார்க்க நூறு பேர் வந்தார்கள், மூக்கில் விரல் வைக்காத ஆள் இல்லை. அந்த அம்மா மட்டும் வைக்கவில்லை. ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்தி, அட்டைக்குப் பசை தடவுகிற பசைக்காரரின் முக்காலியில் வைத்தார். புகை என் கோட்டை மதிக்கவே இல்லை. மெதுவாகப் போய்ப் பன்னிரண்டடி தள்ளி உன் அப்பா புத்தகம் தைக்கிற மூலையில் நின்றது, நின்றது, கலையவே இல்லை. "பொடித்துளி இப்படித்தாங்க மணிக்கணக்கா மிதக்கும், இருமக்கூட வேணாம், பேசினாலே போதும்" என்றார். வெளியே போக வழி ஏது, மடித்த தாள் பறக்குமென்று நாலு ஜன்னலையும் டேப் போட்டு அடைத்திருந்தேனே.

நீ வந்த இரண்டு நாளும் அப்பாவோடு மொட்டை மாடிக் காற்றில்தான் உட்கார்ந்திருந்தாய். பசைக்காரர் அதற்கு முந்தின வாரத்திலிருந்தே இருமிக்கொண்டிருந்தார், அவசர வேலை என்று வரச் சொன்னது நான். உன் முகத்தையே பார்க்காத மற்ற இரண்டு தையல்காரர்களும் படுத்து எழுந்தார்கள், அண்ணன் எழவில்லை. சாவு வீட்டில் உன் அத்தை "இவதான் கொண்டாந்துட்டா" என்றபோது எல்லாம் தெரிந்தும் நான் தலையாட்டினேன். இன்று அத்தைக்கும் இதையே எழுதிப் போட்டுவிட்டேன், நாலு பேர் முன்னால் படிக்கச் சொல்லி.

இன்னொன்றும் உண்டு. படுப்பதற்கு நாலு நாள் முன்பு அண்ணன், "டேய், புழுங்குதுடா, ஒரு ஜன்னலையாவது திற" என்றார். "மகாராஜாவுக்கு வேர்க்குதாம், யாராவது சாமரம் வீசுங்கப்பா" என்று நான் சொல்ல, பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு ஊசியை எடுத்தார்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்குப் போன் பண்ணு. என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் தம்பி