கோணல் வால் தேள்

செம்மநத்தம்
12.1.1988

திருப்பூரில் இருக்கும் என் பேரன் அங்கப்பனுக்கு, உன் அம்மாவைப் பெற்ற சின்னத்தாயி எழுதுவது. முழங்கால் நோவு தவிர நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கல்யாணத்தன்று வைத்துக் கும்பிட அம்மா போட்டோ கேட்டிருந்தாய். மாதம்மாள் போட்டோவே எடுத்ததில்லை என்று பதில் போட்டேன். அது தப்பு, சாமி.

செடிதுரை பங்களாவைக் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். மலைச் செடிகளையெல்லாம் வரைந்து புத்தகம் போட்டாரே, அந்தத் துரையின் கட்டில், குடை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கே இருக்கிறது. இருபத்துமூன்று வருடமாக நான் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாயிதான், "துரையும் துரைசானியும் போய்ச் சேந்தாச்சு, இனி யார் மேலக்கா கோவம்?" என்று இழுத்துப் போனாள். பழைய பழக்கத்தில் சமையல்கட்டு வழியாக நுழைந்தேன். காவல்காரர் மரியஅந்தோணி முன்வாசலுக்குத் திருப்பி அனுப்பினார்.

நடு அறையில் துரை மகனின் குழந்தைப் போட்டோ. கீழே அவன் பேர் மட்டும் எழுதியிருக்கிறது. அவனை விழாமல் பிடித்திருப்பது ஒரு கை. பிடித்த ஆளின் முகம் விழவில்லை. அந்தக் கையில் பச்சை குத்திய தேள், வால் கோணல். குப்பனூர் சந்தையில் குத்தும்போது உன் அம்மா வலியில் கையை இழுத்ததால் வந்த கோணல். அன்று அவள் கையைப் பிடித்திருந்தவள் நான்.

உன் கல்யாணப் பத்திரிகைக்குத் தடவ வாங்கிய மஞ்சள் என் முந்தானை முடிச்சில் இருந்தது. போட்டோக் கண்ணாடியில் அந்தக் கைக்கு நேரே பொட்டு வைத்தேன். "ஏனுங்கம்மா அழுக்குப் பண்றீங்க? அது புள்ள தூக்குன ஆயா கைங்க, துரை மகனைப் பாருங்க" என்றார் மரியஅந்தோணி. "எம்புள்ள கைங்க" என்றேன். அவர் துடைக்கவில்லை.

காய்ச்சலில் கிடந்தவளைத் துரைசானி விடாமல் வேலை வாங்கிக் கொன்றாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அது பாதிதான். உன் அம்மா காய்ச்சலோடு நம் வீட்டுக்கு வந்தாள். "இன்னைக்கு ஊட்டுலயே பையன்கூடக் கெடக்கறனே அம்மா" என்றாள். வேலை போய்விடும் என்று திருப்பி அனுப்பியவள் நான். நாலாம் நாள் கட்டிலில் தூக்கி வந்தார்கள். உனக்கு அப்போது பத்து மாதம்.

துரைசானியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ என்னை என்ன செய்வாயோ, உன் இஷ்டம்.

கட்டிக்கப்போகிற பெண்ணோடு ஒருமுறை மலைக்கு வா. முதல் பத்திரிகையை அந்தக் கைக்குக் கீழே வை, மரியஅந்தோணியிடம் சொல்லிவிட்டேன். இறங்கும்போது செம்மநத்தம் பஸ் பிடிப்பதும் பிடிக்காததும் உன் மனசு. ஞாயிறுதோறும் இரண்டு பேருக்குச் சேர்த்துக் களி கிண்டி வைப்பேன்.

உன் பிள்ளைகள் உன் இடுப்பிலேயே வளரட்டும், கண்ணு.

சின்னத்தாயி