கிரீஸ் பூசி மறைத்த நட்டு

ஞாயிறு இரவு, பீர்மேடு.

மருமகன் இன்று முற்றத்தில் வைத்தே பைக்கின் பின்சக்கரத்தில், செயின் ஓடுகிற புது ஸ்பிராக்கெட்டை மாட்டினார். அதைப் பிடிக்கும் ஐந்து நட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எவ்வளவு விசை என்பதும் வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. படித்துக் காட்டினேன். "கைக்கே தெரியும் அத்தை" என்று ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தார். ஒரு போல்ட்டில் மரை போய்விட்டது. அதன்மேல் கிரீஸை அப்பி மறைத்துவிட்டு, பாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை வண்டிக்குத் தெளித்தார்.

விரல் வைத்துப் பார்த்தேன். நட்டு சும்மா சுற்றியது.

"என்ன மாப்பிள்ளை இது?"

"மீதி நாலு இருக்குல்ல. மாதா பாத்துக்குவா."

மாதா என்ன மெக்கானிக்கா? காலையில் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து மலையிறங்கப் போகிறவள் என் மகள். அவளும், "உங்களுக்கு எதுலயும் குத்தந்தாம்மா" என்று சிரிக்கிறாள்.

வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன். வீடு முழுக்கத் தேடினார்கள். "பாத்தீங்களா அத்தை?" என்றார். இல்லை என்றேன். புது போல்ட் வரும்வரை அவள் பஸ்ஸில் போகட்டும். பொய் சொன்னதைப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன். அதற்காக மனம் வருந்துகிறேன் என்று மட்டும் எந்த வாயால் சொல்வது?