உப்பில் வந்த சிலந்திகள்

கல்கத்தா,
12-8-1968

அன்புள்ள நைனாவுக்கு,

மாதா கிருபையில் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

காத்திவாக்கம் கழிமுகத்தில் நீங்கள் பிடித்தனுப்பிய எட்டுச் சிலந்திகளும் எங்கள் விலங்கியல் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. கெடாமலிருக்க ஸ்பிரிட்டில் போடச் சொல்லியிருந்தேன். "ஸ்பிரிட்டு வாசனைக்குப் போலீசு புட்சிக்கினு பூடும், அதான் கருவாடு மாரி உப்பு போட்டுக்கீறேன்" என்று எழுதியிருந்தீர்கள். மதுவிலக்குப் பயம் உங்களுக்கு! சிரித்துவிட்டேன். சுருங்கிவிட்டதால் எந்த இனம் என்று பிரிக்க முடியவில்லை. இந்தச் சிலந்திப் பேரினம் எங்கெங்கே வாழ்கிறது என்று நாங்கள் போடும் வரைபடத்தில் நம் ஊருக்குப் புள்ளி கிடையாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மறுபடி பிடிக்கலாமென்றால், புதரையெல்லாம் வெட்டி மண் கொட்டிவிட்டார்கள் என்கிறீர்கள். நான் என்ன செய்வேன்?

முடிந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். தபால்காரர் வந்துவிட்டார். சிலந்திகளை எறியச் சொன்னார்கள், எறிந்துவிட்டேன். உப்பை மட்டும் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
பிலோமினா